நாலரை நட்சத்திரம்

வாங்க, வாங்க. கேட்டைத் தாழ் போட்டுட்டு வாங்க, நாய் பூந்துரும். தொட்டிக்குத்தானே வந்திருக்கீங்க? சொல்ல வேணாம், தெரியும். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல டிக்கெட் செக்கிங் பண்ணவன் சார் நான். படியில கால் வைக்கும்போதே இவன் டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனான்னு சொல்லிடுவேன். கேட்டுல 'மீன் தொட்டி விற்பனைக்கு'ன்னு மாட்டியிருக்கற அட்டையைப் பாத்துட்டு ரெண்டு நிமிஷம் நின்னீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன், தொட்டி வாங்கற ஆளுன்னு. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பையைக் கீழ வைங்களேன். மடியிலயே இருக்கட்டுமா? சரி, உங்க இஷ்டம்.

தண்ணி குடிக்கிறீங்களா? நான் கேக்க முடியாது சார். உள்ள இருக்கறவங்களுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல. நீங்களே "அம்மா, தண்ணி"ன்னு ஒரு குரல் குடுங்க, வந்துரும். எனக்குன்னாத்தான் வராது. முப்பத்திரண்டு நாள் ஆச்சு. நான்தான் பேசறதில்ல. அவளும் பேசறதில்ல, ஆனா முதல்ல நிறுத்துனது நான். அதைக் குறிச்சுக்குங்க.

அதோ அதுதான் தொட்டி. மூணடி நீளம். ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம். காட்ட முடியாது. அதுக்குள்ள ஒருத்தன் ஆறு வருஷம் ராஜா மாதிரி இருந்தான் சார். ஆஸ்கார் மீனு. பஜார் தெரு பாரூக் பாய் கடையில கட்டை விரல் அளவுல வாங்கிட்டு வந்தேன். போனப்ப என் முழங்கையில பாதி இருந்தான். மேஸ்திரின்னு பேரு வெச்சிருந்தேன். தொட்டியில கல்லைப் போட்டா அவனுக்குப் புடிச்ச எடத்துக்கு வாயாலயே தள்ளிட்டுப் போய் வெப்பான், நின்னு வேலை வாங்கற மாதிரி. அதனால மேஸ்திரி. நான் வந்தா கண்ணாடிகிட்ட வந்து நிப்பான். என் கையிலதான் தின்பான். ரிட்டையர் ஆனதுக்கப்புறம் இந்த வீட்டுல என்னைப் பாத்தா சந்தோஷப்பட்ட ஒரே உசுரு அவன்தான். இதை வெக்கமில்லாம சொல்றேன் சார்.

கொன்னுட்டானுங்க. நாலாயிரத்துச் சொச்சம் பேரு கூடி நின்னு கொன்னுட்டானுங்க.

சொல்றேன். தொட்டி வாங்கற ஆளு, உங்களுக்கும் இது தெரியணும். மீனுக்குக் காத்து வேணும். காத்து மெஷினு கரண்டுல ஓடும். நம்ம ஊருல மாசத்துக்கு ஒருக்கா பராமரிப்புன்னு காலையில ஒம்பது மணிக்குப் புடுங்கி மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் குடுப்பான். அஞ்சு மணி நேரம். அந்த அஞ்சு மணி நேரம் என்ன பண்றது? முன்னெல்லாம் எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு இருந்துச்சு. என் சம்சாரம் குணவதி ஒரு முக்காலியைப் போட்டுக்கிட்டு தொட்டிகிட்ட உக்காந்துருவா. சொம்புல தண்ணியை மொண்டு ஒசரத்துலேருந்து ஊத்துவா. மொண்டு ஊத்துவா, மொண்டு ஊத்துவா. அப்படி விழுந்தா தண்ணியில காத்து கலக்கும், பாய் சொல்லிக் குடுத்தது. கொஞ்ச நேரம் ஊத்துவா, கொஞ்ச நேரம் கீரை ஆயுவா, மறுபடி ஊத்துவா. அவளுக்குத் தோள் வலி. ஊத்தறதைக்கூட வாயை மூடிக்கிட்டு ஊத்த மாட்டா. "ஒங்க மேஸ்திரிக்கு நான் சித்தாளு"ன்னு சொல்லிக்கிட்டே ஊத்துவா. எனக்கு அது எரிச்சல். நானும் ஊத்தியிருக்கலாமேன்னா, எனக்கு அன்னைக்குன்னு வெளிய வேலை இருக்கும் சார்.

இவ பேச்சை யாரு கேக்கறதுன்னு ஒரு மெஷினு வாங்கலாம்னு பாத்தேன். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும், கரண்ட் போனா தானா பேட்டரிக்கு மாறிக்கும், பத்து மணி நேரம் ஓடும்னு போட்டிருந்தான் போன்ல. பாரூக் பாய்கிட்ட காட்டினேன். அவரு ஒரு பார்வை பாத்துட்டு, "சார், உள்ள இருக்கற பேட்டரி இத்தனூண்டு இருக்கும். உங்களுது பெரிய மீனு. நம்பிப் போகாதீங்க"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவருகிட்ட வாங்கலைன்னு வயித்தெரிச்சல், வேறென்ன? அவரு ஒரு ஆளு. இங்க நாலாயிரத்து நூறு பேரு நட்சத்திரம் போட்டிருக்கான். நாலரை நட்சத்திரம். ஒரு ஆளு சொல்றதைக் கேக்கறதா, நாலாயிரம் பேரு சொல்றதைக் கேக்கறதா, நீங்களே சொல்லுங்க.

அப்படியும் நான் படிக்காம வாங்கல. ஒண்ணு ஒண்ணா படிச்சேன். என்னா எழுதியிருந்தான் தெரியுமா? "பேக்கிங் சூப்பர்." அஞ்சு நட்சத்திரம். அட்டைப் பெட்டிக்கு! "டெலிவரி தம்பி மாடி ஏறி வந்து குடுத்தாரு, நல்ல பையன்." அஞ்சு. பையனுக்கு! "இன்னைக்குத்தான் வந்துச்சு, இன்னும் பிரிக்கல, பாக்க அழகா இருக்கு." அஞ்சு. பிரிக்கவே இல்ல சார்! நாலாயிரம் பேருல எவனாவது ஒருத்தன் கரண்ட்டை நிறுத்திட்டுப் பாத்தானா? இல்ல. கரண்ட் போனா உதவறதுக்குன்னு ஒரு சாமான் வாங்கறான், கரண்ட் இருக்கும்போதே ஓட விட்டுப் பாத்துட்டு ஆஹா ஓடுதேன்னு எழுதறான். இதுக்கெல்லாம் இப்பத்தானே சார் புத்தி வருது.

கேள்வி கேக்கறதுக்குன்னு ஒரு எடம் இருக்கு அதுல. ஒரு நல்ல மனுஷன் கேட்டிருந்தான், கரண்ட் போனா நெசமா எவ்வளவு நேரம் ஓடும்னு. பதில் போட்டிருக்கான் ஒருத்தன்: "தெரியாது சார், நான் மச்சானுக்கு கிஃப்டா குடுத்தேன்." தெரியாதுன்னா வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே? உன்னை எவன் கேட்டான்? கம்பெனியிலேருந்து கேட்டாங்களாம், போன்ல சத்தம் வந்துச்சாம், மரியாதைக்குப் பதில் சொன்னானாம். இன்னொருத்தன்: "எங்க அபார்ட்மென்ட்ல ஜெனரேட்டர் இருக்கு, கரண்ட் போனதே இல்ல. அருமையான பொருள்." இவனையெல்லாம் நடு ரோட்டுல பஸ்ஸை நிறுத்தி எறக்கி விடணும் சார்.

குறை சொன்னவங்களே இல்லையான்னு கேக்கிறீங்களா? இருந்தாங்க, பத்திருபது பேரு. ஒருத்தன் கறுப்பு கேட்டேன் நீலம் வந்துச்சுன்னு ஒரு நட்சத்திரம். அப்புறம் ஒரு பொம்பள, வளர்மதியோ என்னமோ. மூணே வரி. "இருவத்தஞ்சு நிமிஷம்தான் ஓடுச்சு. மீன் எல்லாம் செத்துப் போச்சு. வாங்காதீங்க." நான் அதைப் படிச்சேன். படிக்கலைன்னு சொல்ல மாட்டேன். ப்ளக்கைச் சரியா மாட்டியிருக்க மாட்டான்னு தள்ளிட்டேன். நாலாயிரம் பேருக்கு ஓடுது, இந்தம்மாவுக்கு மட்டும் ஓடலையாமா? என் அனுபவத்துல, பஸ்ஸுல ஒரு ஆளு மட்டும் சத்தம் போட்டா தப்பு அந்த ஆளு மேலதான் இருக்கும். இதுலதான் எப்படியோ மாறிப் போச்சு.

வந்தாச்சா தண்ணி? குடிங்க. பாத்தீங்களா, உங்களுக்கு எவர்சில்வர் டம்ளர்ல வருது. எனக்கு நானே போய்க் குழாயில புடிச்சுக்கணும்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். கூட வேலை பாத்த கண்டக்டர் பொண்ணுக்கு வாலாஜாவுல கல்யாணம். அன்னைக்குத்தான் கரண்ட்டும் நிறுத்தம், பேப்பர்ல போட்டிருந்தான். எனக்கென்ன கவலை? மெஷினு வந்து ஒரு மாசம் ஆச்சு, சுவத்துல மாட்டியிருக்கு, பச்சை விளக்கு எரியுது. மேஸ்திரிக்குக் காலையில வயிறு முட்ட தீனி போட்டேன், சாயங்காலம் வர லேட்டானா பசிக்குமேன்னு. கரண்ட் போற நாளுல தீனி போடாதீங்கன்னு பாய் சொல்லுவாரு. அது வேற விஷயம். ஆறே முக்கால் பஸ் ஏறிட்டேன்.

ஒம்பதே முக்காலுக்கு இவ போன் பண்றா. மண்டபத்துல மேளம், நாயனம். பாதி கேக்குது, பாதி கேக்கல. மெஷினு நின்னு போச்சுங்கற மாதிரி ஏதோ சொன்னா. நானும் ஏதோ சொன்னேன். வெச்சுட்டேன். திரும்பப் பண்ணா. பந்தியில உக்காந்திருந்தேன், எடுக்கல. எலையில உக்காந்தவன் எப்படி சார் எடுக்க முடியும்?

மூணு மணிக்கு வந்து பாக்கறேன். கரண்ட் வந்துருச்சு, மெஷினு ஜம்முன்னு ஓடுது. பச்சை விளக்கு எரியுது. தண்ணி நெறையக் காத்துக் கொப்புளம். மேஸ்திரி மேல மெதக்கறான், பக்கவாட்டுல. கண்ணு தொறந்திருக்கு. இவ முக்காலியில உக்காந்திருக்கா. சும்மா. கையைக் கட்டிக்கிட்டு. சொம்பு பக்கத்துலயே இருக்கு சார். பக்கத்துலயே! அஞ்சு மணி நேரம் ஒரு உசுரு வாயைத் தொறந்து தொறந்து மூடுது, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. எப்படி சார் மனசு வந்துச்சு? அன்னைக்கு நிறுத்துனேன் பேச்சை.

முருங்கை மரத்தடியில பொதைச்சேன். நானே தோண்டுனேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கு? எங்கப்பா போனப்பகூட அவ்வளவு அழுகை வரல.

அன்னைக்கு ராத்திரியே ஒரு நோட்டு எடுத்தேன். இதோ பாருங்க. யாரு யாரு அஞ்சு நட்சத்திரம் போட்டு ஊரை ஏமாத்தினான்னு ஒவ்வொரு பேரா எழுதியிருக்கேன். பேரு, தேதி, என்ன எழுதினான், என்ன குத்தம். செக்கிங்ல கேஸ் எழுதற மாதிரிதான். இருநூத்து நாப்பது பேரு இதுவரைக்கும். இந்த ஜெனரேட்டர்க்காரன் மொத பக்கத்துலயே இருக்கான். இதை வெச்சு கம்பெனிக்கு எழுதப் போறேன், பேப்பருக்கு எழுதப் போறேன். மொட்டைக் கடுதாசி எழுதற பழக்கமெல்லாம் நமக்குக் கெடையாது. எதை எழுதினாலும் பேரு, பதவி, தெரு எல்லாம் போட்டுத்தான் எழுதுவேன். எழுதினவன் யாருன்னு தெரிஞ்சாத்தானே அதுக்கு மதிப்பு?

ம்? ஒரு பேரு இருக்கான்னு பாக்கணுமா? சொல்லுங்க, பாத்துரலாம். உங்களையும் ஏமாத்திட்டானா எவனாவது? என்ன பேரு?

தணிகாசலமா?

அது என் பேரு சார்.

கேட்டுல போட்டிருக்கறதைப் படிச்சுட்டுச் சொல்றீங்களா? இல்ல... என்ன போனைக் காட்டுறீங்க? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். "மதிப்பிற்குரிய பொதுமக்களுக்கு வணக்கம். மேற்படி காற்றுக் கருவியை இன்று காலை பெற்றுக்கொண்டேன். சிறு சத்தமும் இன்றி இயங்குகிறது. பேக்கிங் மிகவும் நேர்த்தியாக உள்ளது. மின்தடை பற்றி இனி எவரும் அஞ்சத் தேவையில்லை என்பதை என் முப்பத்தோரு ஆண்டு அனுபவத்தில் உறுதியாகக் கூறுகிறேன். இப்படிக்கு, தணிகாசலம், டிக்கெட் பரிசோதகர், ஓய்வு, பிள்ளையார் கோயில் தெரு, அரக்கோணம்."

ஆமா. எழுதினேன். அதுக்கென்ன இப்போ?

நீங்க தொட்டி வாங்க வரலையா?

பையில என்ன இருக்கு, காட்டுங்க. ...இந்தச் சனியனைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன் இவ்வளவு நேரம். பிரிக்கக்கூட இல்ல போலிருக்கே. எந்த ஊரு நீங்க? சோளிங்கர் பக்கமா? பள்ளிக்கூட வாத்தியாரா? எத்திராஜுலு. சரி வாத்தியாரே, முழுசாச் சொல்லுங்க.

நாலாங்கிளாஸ்ல தொட்டி. பதினோரு கோல்டு ஃபிஷ். முப்பத்தி மூணு பிள்ளைங்க, மீனுக்கு மூணு பேருன்னு பங்கு பிரிச்சுப் பேரு வெச்சிருக்காங்க. நாளைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு, உங்க பக்கம் கரண்ட் நிறுத்தம், உங்களுக்கு ராணிப்பேட்டையில டிரெய்னிங். அதுக்காக இதை வாங்கினீங்க. வாங்கின பெறகும் மனசு கேக்கல. எழுதினவரு தெருப் பேரு போட்டிருக்காரே, பக்கத்து ஊருதானே, நேருல போய் ஒரு வார்த்தை கேட்டுரலாம்னு பஸ் ஏறிட்டீங்க. அஞ்சு மணி நேரம் தாங்குமான்னு கேக்க.

அதான் சொல்லிட்டேனே. இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்னேன். தாங்காது. இருவத்தஞ்சு நிமிஷம்.

அப்புறம் எதுக்கு அப்படிப் பாக்குறீங்க? நான் பொய் எழுதலையே. வந்த அன்னைக்கு ஒரு மணி நேரம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். சத்தமில்லாம ஓடுச்சு. பேக்கிங்கும் நல்லாத்தான்... சரி, அதை விடுங்க. கரண்ட் இருந்துச்சு. ஆமா, கரண்ட் இருக்கும்போதுதான் பாத்தேன். புதுச் சாமானைப் ப்ளக்கைப் புடுங்கி எவன் சார் பாப்பான்? அவனுங்க மாதிரி பிரிக்காம எழுதல நான். மச்சானுக்குக் குடுத்துட்டு எழுதல. அவனுங்களும் நானும் ஒண்ணா?

பதவியைப் பாத்துட்டுத்தான் வாங்கினீங்களா? கவர்மென்ட் உத்தியோகத்துல இருந்தவரு, பேரு போட்டு எழுதறாரு, விசாரிக்காம எழுத மாட்டாருன்னு நெனைச்சீங்களாக்கும். நெனைச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். தப்புன்னு சொன்னா எனக்கே அது...

மீன் செத்த அன்னைக்கே எழுதினதை ஏன் எடுக்கலைன்னு கேக்கிறீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். இங்க பாருங்க, அடியில என்ன போட்டிருக்கு? "முன்னூத்திப் பதினாறு பேருக்கு இது பயனுள்ளதாக இருந்தது." முன்னூத்திப் பதினாறு பேரு சார். முப்பத்தோரு வருஷத்துல நான் ஏறின பஸ்ஸுல ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. டிரைவர் முகத்தைத் திருப்பிக்குவான், கண்டக்டர் மனசுக்குள்ள திட்டுவான். நான் சொன்னதால ஒருத்தருக்கு நல்லதுன்னு யாரும் சொன்னதில்ல. இதுலதான் சொல்லியிருக்காங்க. காலையில எழுந்ததும் அதைத்தான் பாப்பேன். எடுத்தா அந்த எண்ணும் போயிரும். மாத்தி எழுதினாலும் போயிருமோ என்னமோ, பயத்துல தொடவே இல்ல. கம்பெனி தப்புக்கு நான் எதுக்கு என்னுதை அழிக்கணும்?

என்ன? அதுல ஒண்ணு நீங்க அமுக்கினதா?

உள்ளேருந்து என்ன சத்தம்? பாருங்க, வந்து நிக்கிறா. வாசப்படியைத் தாண்டி வர மாட்டா. என்கிட்ட பேச மாட்டா, உங்ககிட்ட பேசுவாளாம். பேசட்டும். என்ன சொல்றா வாத்தியார்கிட்ட? சொல்லட்டும், நல்லா சொல்லட்டும். போன்ல நான் என்ன சொன்னேன்னா? மேளம் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. எனக்கே நெனைப்பில்ல.

"நாலரை நட்சத்திரம்டி அது, தானா ஓடும். நீ சொம்பைத் தூக்கிக்கிட்டு மீனைப் பயமுறுத்தாதே. தொட்டியில கை வெச்சே, வந்து பேசிக்கறேன்." இப்படியா சொன்னேன்? வார்த்தைக்கு வார்த்தை வெச்சிருக்கா பாருங்க. சரி, சொன்னேன். சொல்லியிருப்பேன். அதுக்காக? அவளுக்கே தெரிய வேணாமா? நான் சொன்னா அப்படியே கேட்டுருவாளா? கலியாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்ன எதைக் கேட்டிருக்கா இவ, அன்னைக்கு மட்டும் கேக்கறதுக்கு?

ரெண்டாவது தடவை போன் பண்ணினது ஊத்தட்டுமான்னு கேக்கவாம். ஊத்தட்டுமான்னு கேக்க! நான் எடுக்கல.

தண்ணி இன்னும் வேணுமா வாத்தியாரே?

கெளம்புறீங்களா? இருங்க. எழுந்திருக்காதீங்க. நாளைக்கு ஒம்பது மணிக்குத்தானே கரண்ட் போவுது உங்க ஊருல? பள்ளிக்கூடத்துச் சாவி யாருகிட்ட இருக்கு? ஆயாகிட்டயா? நான் வர்றேன். ஏழு மணி சோளிங்கர் பஸ்ஸுல ஏறினா எட்டேகாலுக்கு வந்துருவேன். சொம்பு என்கிட்ட இருக்கு. ரெண்டு மணி வரைக்கும் மொண்டு ஊத்தறேன். எனக்குத் தோள் வலியெல்லாம் கெடையாது. ஆயாகிட்ட சொல்லி வைங்க, காலையில தீனி போட வேணாம்னு. ஒரு வேளை பட்டினி கெடந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. பதினோரு மீனும் திங்கக்கிழமை உசுரோட இருக்கும். பிள்ளைங்ககிட்ட என் பேரெல்லாம் சொல்ல வேணாம். இதுக்கு மேல நான் என்ன செய்யணும், சொல்லுங்க? போதும்ல?

அந்த எழுத்து கெடக்கட்டும் சார். அதை மட்டும் கேக்காதீங்க. அதான் நானே வர்றேன்னு சொல்லிட்டேன்ல.

செருப்பு அங்க இருக்கு பாருங்க. கேட்டைச் சாத்திட்டுப் போங்க.

என்ன? கேக்கல, சத்தமா சொல்லுங்க.

மத்த முன்னூத்திப் பதினஞ்சு பேரு வீட்டுக்கு யாரு சொம்பு எடுத்துட்டுப் போறதுன்னா?

யோவ் வாத்தியாரே, என்னய்யா கேள்வி கேக்கிறே நீ? வீடு தேடி வந்து... உள்ள சிரிக்கிறா பாரு. முப்பத்திரண்டு நாளா சத்தம் காட்டாதவ இப்பச் சிரிக்கிறா. போங்க சார். பஸ்ஸு போயிரும். போங்க சொல்றேன்.